மேட்டுச்சந்தை தனி ஊரான சரித்திரம்

மேட்டுச்சந்தை,
பிரபவ வருஷம், தை 12

ஆலாம்பதியில் இருக்கும் என் மச்சான் குப்பண்ணன் அவர்களுக்கு, மேட்டுச்சந்தைப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டு நஞ்சப்பன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே பயிரும் மாடு கன்றுகளும் க்ஷேமம். என் க்ஷேமம் மட்டும் இருபது நாளாகத் தங்கள் வீட்டில் இருக்கிறது. அவளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைத் தங்கள் தங்கை மருதாத்தாள் வாயால் கேட்டிருப்பீர்கள். என் வாயாலும் கேளுங்கள். வாரச்சந்தை கூடுவது எங்கள் மண்ணில், தெருவிளக்கு எரிவது ஆலாம்பதியில் என்ற வயிற்றெரிச்சலில் நாங்கள் தனிப் பஞ்சாயத்துக் கேட்டு மனுப் போட, இரண்டு ஊரும் ஆதியிலிருந்தே வேறு வேறு என்று காட்டச் சரித்திரம் வேண்டும் என்று தாலுக்கா கச்சேரியில் சொல்லிவிட்டார்கள், எங்கள் ஊர் மெம்பர்கள் ஐந்து பேரில் எழுதத் தெரிந்தவன் நான்தானே, உட்கார்ந்தேன், யாரும் பார்க்காத செப்புப் பட்டயம் ஒன்று இருப்பதாக எழுதினேன், வாய்க்கால் தகராறைப் போராக்கினேன், அப்படியும் பக்கம் நிறையாமல், இவ்விரு ஊராருக்கும் பெண் கொடுத்து எடுக்கும் வழக்கம் என்றுமே கிடையாது என்று முடித்தேன். அந்த வரியை எழுதும்போது பக்கத்தில் மோர் கொண்டுவந்து வைத்தது மருதாத்தாள்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தனிப் பஞ்சாயத்துக் கிடைத்து எல்லைக்கல் நட்ட அன்று, பந்தலில் அந்தச் சரித்திரத்தை நானே உரக்க வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் மட்டும் எழுந்தாள்.

"ஏனுங்க, எங்கூருல நீங்க பொண்ணே எடுக்கலீன்னா, பதினெட்டு வருசமா உங்களுக்குச் சோறாக்கிப் போட்டது ஆருங்க?"

புதுக் கல்லைத் தாண்டி நடந்துவிட்டாள். மற்ற மெம்பர்கள் வேலந்தாவளத்தில் பெண் எடுத்தவர்கள், அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதனால் என் கஷ்டம் சபையில் எடுபடவில்லை. நான் வைக்கும் ரசத்தை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகுதுங்க மச்சான். தெருவிளக்கு வந்துவிட்டது, எங்கள் வாசலுக்கு நேர் எதிரேதான். வீட்டில் ஆள் இல்லாதது அந்த வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

தப்பு என்மேல்தான். ஒரு விளக்குக்காக, கூட வாழ்ந்தவளை இல்லை என்று எழுதிவிட்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடுகிறேன், பிரசிடெண்டு வேலையையும் விட்டுவிடுகிறேன். நாளைக்கே அவளை அனுப்பி வையுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கச்சேரிச் சேவகன் வந்தான். சரித்திரம் பொய், பிரசிடெண்டு பெண்டாட்டியே எங்கள் ஊர்க்காரி என்று தங்கள் ஊரார் மனுக் கொடுத்திருக்கிறார்களாம். பொய் என்று ஆகிவிட்டால் இரண்டு ஊரையும் பழையபடி சேர்த்துவிடுவார்களாம். மெம்பர்கள் நால்வரும் சுற்றி நின்றதால், எழுதியதெல்லாம் சத்தியம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் விசாரணை. அது முடியும்வரை மருதாத்தாள் அங்கேயே இருக்கட்டும். இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.