தாத்தாவைத் தேடப் போன தலைவர்

வீட்டுத் தலைவர் ஆகிவிடுவது என்று பூதலிங்கம் பிள்ளை தீர்மானித்தார். ஐம்பத்திரண்டு வயசில் அது கொஞ்சம் பிந்திப்போன தீர்மானம்தான்.

அவர் இருந்தது பெண்டாட்டி அழகியநாயகி வீட்டில். வயல் அவளுடையது. மாடும் அவளுடையது. போன தடவை ஜனத்தொகைக் கணக்கு எடுத்தபோது தலைவர் இடத்தில் மாமியார் பெயரை எழுதினார்கள். மாமியார் செத்து வருஷம் ஒன்றாகிறது. இது 1951. மறுபடியும் கணக்கு வருகிறது. பிள்ளைகுட்டி கிடையாது. பூதலிங்கம் என்று ஒருத்தன் இருந்தான் என்பதற்கு அந்தத் தாள்தான் மிஞ்சும். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, இந்தத் தடவை எம்பேருதான் முதல்ல."

"உங்க வம்சத்துல ஆராவது தலைவரா இருந்திருக்காரா?"

"எங்க தாத்தா தாணப்பன் பிள்ளை இருந்தாரு. ஊரே நடுங்கும்."

"பழைய கணக்குப் புஸ்தகம் சர்க்கார் கச்சேரியில கெடக்குல்லா. பாத்து எழுதிட்டு வாருங்க. உங்க பேரையே சொல்லுகேன்."

மறுநாளிலிருந்து பொதிச்சோறும் கட்டிக் கொடுத்தாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பகுதிக் கச்சேரியில் அறுபது வருஷத்துக்கு முந்தைய புத்தகம் கிடைத்தது. பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீதி முழுக்கச் செத்துப்போனவர்கள். மூன்று நாள் தேடினார். தலைவர் இடத்தில் தாணப்பன் என்று ஒருத்தரும் இல்லை.

"ஓய், அது மருமக்கள்வழிக் காலம், சொத்து அக்கா தங்கச்சி பிள்ளையளுக்கு. வீடு தாய்மாமன் பேருல இருக்கும். அங்க பாரும்," என்றார் கிளார்க் செல்வன்.

பார்த்தார். அந்த வீட்டில் பத்தொன்பது பேர். பதினாலாம் வரியில் தாத்தா. 'தாணப்பன், மருமகன், வயது 31, தொழில் இல்லை.' அவருக்கு மேல் வரியில் பால்குடி மறக்காத ஒரு பெண்குழந்தை.

ஊரை நடுங்கவைத்தவரும் யாரோ போட்ட சோற்றைத்தான் தின்றிருக்கிறார். நடந்துவரும்போதே ஒரு பொய்யைத் தயார் செய்தார்.

"தாத்தா கெடைச்சாரா?"

"அந்தப் பக்கத்தைக் கரையான் தின்னுட்டுது, ஏட்டி."

"போகட்டும். வாத்தியாரு வந்து கணக்கு எழுதிட்டுப் போயாச்சு."

"இன்னைக்கா!"

"போன வாரமே எங்கிட்ட நாள் சொன்னாருல்லா."

"அப்ப, தலைவரு?"

"நாந்தான்."

பூதலிங்கம் சுவரோடு சாய்ந்தார். "எம்பேரு எழுதவே இல்லையா?"

"எழுதாம இருப்பாரா? உங்களுக்கு என்ன ஜோலின்னு கேட்டாரு. மூணு நாளா தாத்தாவைத் தேடுகாருன்னேன். சம்பளம் உண்டான்னாரு. இல்லேன்னேன். 'சம்பாத்தியம் இல்லை, மனைவியை அண்டியிருப்பவர்'னு எழுதிக்கிட்டாரு. கையெழுத்து நல்ல கையெழுத்து."

அவள் கஞ்சியை முன்னால் வைத்தாள்.

"ரெண்டாம் வரியில இருக்கீங்க. உங்க தாத்தாவுக்குப் பதினாலாம் வரிதானே? அம்மை செத்த பொறவு வயலை எம்பேருக்கு மாத்தக் கச்சேரிக்குப் போனேம்லா, அந்தப் புஸ்தகத்தை அப்பவே பாத்தாச்சு. அந்தப் பக்கத்தைக் கரையான் தொடவே இல்லை."