ஒவ்வொரு வரிக்கும் ஒப்புதல்

விவசாயிகள் எந்தத் தேதியில் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சீட்டுக் கொடுப்பதற்காக உத்திரமேரூரில் ஓர் அலுவலகம் இருந்தது. சீட்டைக் குறுஞ்செய்தியாகப் போனுக்கு அனுப்பியது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது கண்காணிப்பாளர் ஜெகநாதன்.

ஒருநாள் சீட்டுகளில் ஊர்ப்பெயர் மாறி வந்தது. புரோகிராம் எழுதிய சுபாஷ்ரீ காஞ்சிபுரத்திலிருந்து வந்து பிரௌசரைத் திறந்தாள். ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் அதில் வரிவரியாகத் தெரிந்தது. ஓரிடத்தில் நிறுத்தினாள். பொத்தானை அழுத்தி ஒவ்வொரு வரியாக நகர்த்தி, பிழையைப் பிடித்தாள்.

ஜெகநாதன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நாம அழுத்தினாத்தான் அடுத்த வரி போவுமா?"

"நிறுத்தி வெச்சா அப்படித்தான் சார். தப்பு கண்டுபிடிக்க மட்டும்."

"அப்போ இத்தனை நாளா யாரோட ஒப்புதல்ல ஓடிக்கினு இருந்தது?"

"ஒப்புதல்லாம் இல்ல சார். தானா ஓடும்."

இந்த அலுவலகத்தில் எதுவும் தானாக ஓடியதில்லை என்பதால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: 'மேற்படி புரோகிராமின் எந்தவொரு வரியும் கீழே கையொப்பமிட்டவரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, உரிய ஒப்புதல் பெற்ற பின்னரே ஓட வேண்டும்.' நகல் ஒன்று புரோகிராமுக்கும் உண்டு. அதற்கு முகவரி இல்லாததால் கம்ப்யூட்டர் மேல் ஒட்டினார்கள்.

ஒரு சீட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வரி. அவர் புரோகிராமை நிறுத்தி வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துப் பொத்தானை அழுத்தினார். ஒரே வரி மூன்றாம் முறை வந்தபோது, 'ஏற்கெனவே ஒப்புதல் அளிக்கப்பட்ட இனம் மீண்டும் வந்தது ஏன்?' என்று புரோகிராமிடம் விளக்கம் கேட்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்தார். அந்த மூன்று நாளும் வட்டம் முழுக்க ஒருவருக்கும் சீட்டு வரவில்லை.

நான்காம் நாள் காலை காவாந்தண்டலத்திலிருந்து பாஞ்சாலி வந்தாள். ஒன்றரை ஏக்கர் நெல்லைக் களத்தில் குவித்துவிட்டு வந்திருந்தாள்.

"சார், என் சீட்டு இன்னா ஆச்சு?"

"இருநூத்தி ஆறாவது வரியில கீதும்மா."

"மேகம் கட்டிக்கினு கீது சார்."

"மேகத்துக்கு இதுல வரி கிடையாது."

சீட்டு வராவிட்டால் கூப்பிடச் சொல்லிப் பழைய குறுஞ்செய்தியில் சுபாஷ்ரீயின் நம்பர் இருந்தது. பாஞ்சாலி கூப்பிட்டாள். சுபாஷ்ரீ பஸ் பிடித்து வந்தபோது ஜெகநாதன் சாப்பிடப் போயிருந்தார். அவள் புரோகிராமை நிற்காமல் ஓட விட்டாள். அரை நிமிடத்தில் முந்நூற்று நாற்பது சீட்டு போனது. பாஞ்சாலியின் போனும் கூவியது. இன்றைய தேதி, ஐந்து மணிக்குள்.

"போங்கக்கா, நெல்லை ஏத்துங்க," என்றாள் சுபாஷ்ரீ.

பாஞ்சாலி நகரவில்லை. "அதுக்குள்ள வந்துட்ச்சே. யாரும் பாக்கல இல்ல?"

"பாக்க வேணாம்க்கா."

"அங்க போனப்புறம் செல்லாதுன்னு திருப்பி அனுப்பினா? சார் ஒருவாட்டி பாத்துடட்டும்."

வாசலில் டிராக்டர்கள் வந்து நின்றன. தென்னேரிப் பக்கத்து வீராசாமி முதலில் இறங்கினார். அவருக்கும் அதே சந்தேகம். சாப்பிட்டு வந்த ஜெகநாதன் வரிசையைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். கண்ணாடியைத் துடைத்து, சீட்டு வந்திருந்த முதல் போனை வாங்கினார்.

பாஞ்சாலியின் முறை வந்தபோது மணி ஐந்தேகால். வெளியே மழை வலுத்திருந்தது. அவர் இரண்டு முறை படித்தார்.

"சீட்டு சரியாத்தான் கீதும்மா," என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.