தண்ணீருக்கு வந்த ஜாதகம்

"டோக்கன் நாற்பத்திரண்டு, எச்சில் கொடுக்க மேடைக்கு வரவும்."

சுரங்கத்தை ஒட்டிய வடக்குத்து ஊர்க் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி திடீரென்று அலறியதில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. மணமக்கள் உட்காரும் நாற்காலியில் மரபணுச் சித்தர் மருதாசலம். நெற்றியில் திருநீறு, உடம்பில் டாக்டர் கோட்டு. கடவுளை நம்புகிறவர்களும் நம்பலாம், கம்ப்யூட்டரை நம்புகிறவர்களும் நம்பலாம்.

எச்சில் தொட்ட பஞ்சைக் குழாயில் போட்டு, பெயர், மதிப்பெண், அப்பா வேலை என்று ஒரு பாரமும் எழுதித் தந்தால் போதும். பிளஸ் டூ முடித்த பிள்ளை என்ன படிக்கலாம் என்று அரை மணியில் லேப்டாப் சொல்லிவிடும்.

லீவில் ஊருக்கு வந்து, தங்கையோடு மண்டபத்துக்கு வந்திருந்த நந்தினிக்குப் பெங்களூரில் உயிரித் தொழில்நுட்பக் கம்பெனியில் வேலை. காலையில் ஆய்வகத்தில் செல் வளர்ப்பாள். மாலையில் அவை தந்த எண்களைக் கணினியில் அலசுவாள். "லேப்பா, கம்ப்யூட்டரா, எதனா ஒண்ணு சொல்லு கண்ணு" என்று அடுத்த வீட்டு மாரியம்மாள் ஏழு வருடமாகக் கேட்கிறாள். தங்கை அபிக்கும் அதே படிப்புதான் வேண்டும். விண்ணப்பிக்க நாளை கடைசி நாள்.

அபிக்கு வந்த தாளில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டங்கள். கீழே ஒரு வரி: 'உயிரியல் ஜீன் இல்லை. டிப்ளமா உத்தமம்.' டிப்ளமா நிலையம் நடத்துவது சித்தரின் மச்சான்.

"ரத்தத்துலயே இல்லன்னா எதுக்கும்மா அந்தப் படிப்பு?" என்றார் அப்பா ராஜேந்திரன். சுரங்கத்தில் பதினெட்டு வருடம் கான்ட்ராக்ட். 'இல்லை' என்று யார் சொன்னாலும் நம்பிப் பழகியவர்.

அவரை விடுங்கள். மேதை நந்தினி என்ன செய்தாள்? தாளை வெளிச்சத்தில் பிடித்து, "கட்டமெல்லாம் எங்க ஆபீஸ்ல போடற மாதிரியே இருக்குப்பா" என்றாள். ஒரு முதுகலைப் பட்டம், இரண்டு சான்றிதழ். கலர் கட்டத்தைக் கண்டதும் மூன்றும் கைகூப்பிவிட்டன.

"ஏன்க்கா," என்றாள் அபி, "எந்த டெஸ்ட்டுக்கும் வெறும் தண்ணி ஒரு குழாய் வெப்போம், அதுலயும் ரிசல்ட் வந்தா டெஸ்ட்டே பொய்யின்னு போன்ல பீத்திகினு இருப்பியே. இங்க வெச்சியா? குவார்ட்டர்ஸ்ல இருக்கற பர்மனெண்ட் ஆளுங்க புள்ளைங்களுக்கு மட்டும் விஞ்ஞானின்னு வந்துகினு இருக்கு, பாத்தியா?"

நந்தினிக்குக் காது சுட்டது. லீவு போட்டது உடம்பு மட்டுமல்ல, மூளையும்தான்.

இருவரும் மண்டபத்துக் குழாய்த் தண்ணீரில் இரண்டு பஞ்சை நனைத்தார்கள். பாரத்தில் இரண்டு கற்பனைப் பெயர், ஒரே மதிப்பெண். அப்பா வேலை ஒன்றில் பர்மனெண்ட், மற்றதில் கான்ட்ராக்ட்.

அரை மணியில் பர்மனெண்ட் தண்ணீருக்கு விஞ்ஞானி யோகம் வந்தது, சித்தர் கைகாட்டும் கல்லூரியின் முகவரியோடு. கான்ட்ராக்ட் தண்ணீருக்கு டிப்ளமா.

நந்தினி மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "ரெண்டும் இந்த மண்டபத்துத் தண்ணிங்க. ஒரே தண்ணிக்கு எப்படிங்க ரெண்டு ஜீன்?"

சித்தர் பதறிப்போனார். "பாரத்துல அப்பா வேலைய மாத்தி மாத்தி எழுதிட்டு என்னைக் கேட்டா?"

மைக் அதையும் ஊருக்கே சொன்னது. கூட்டம் கொதித்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? மாரியம்மாள் முதல் ஆளாக மேடைக்கு ஓடினாள். "எங்க பாரத்தக் குடு சாமி. எங்கூட்டுக்காரர பர்மனெண்டுன்னு மாத்திக்கறேன்." அவள் பின்னால் நாலு பேர். பஞ்சை நீட்டுமுன் ஒரு கேள்வியை நீட்டியிருக்கலாம். அதற்கு டோக்கன்கூட வேண்டாம்.

ராஜேந்திரன் அபிக்கு வந்த தாளை நாலாக மடித்துக் கிழித்தார். போனை அபியிடம் நீட்டினார்.

"நீ கேட்ட படிப்புக்கே போடு. அப்பா வேலைன்னு கேக்கற எடத்துல கான்ட்ராக்டுன்னே எழுது."