பதினோரு நாள், நான்கு காடு, ஒரு ‘பரவாயில்லை’

மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மூத்த மகள் எழுதுவது. இங்கே நாங்கள் நான்கு பேரும் நலம். கூடாரம் மட்டும் இன்னும் காயாமல் மொட்டைமாடியில் கிடக்கிறது. உங்கள் நலத்தையும், உங்கள் முழங்கால் வலியின் நலமின்மையையும் அறிய ஆவல்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, கார் சாவியைத் திருப்பிக் கொடுக்க அப்பா உங்கள் வீட்டுக்கு வருவார். சாவியோடுதான் வருவார், காரோடு அல்ல. ஏன் என்பது கீழே வருகிறது. காரை அம்மா நேற்றே உங்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் கழுவி நிறுத்திவிட்டாள். அப்பா கையில் இரண்டு உறைகள் இருக்கும். ஒன்று நீங்கள் கேட்ட அறிக்கை, அவர் எழுதியது. இன்னொன்று இது. இதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அத்தைக்கு நன்றிக் கடிதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்யாகிவிடக் கூடாதே என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கார் கொடுத்ததற்கு நன்றி அத்தை. எதையும் எழுத்தில் தந்தால்தான் காதில் வாங்குவேன் என்பது உங்கள் கொள்கை. அதனால் உங்கள் காதுக்கு இரண்டு தாள் அனுப்புகிறேன்.

நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும், அறிக்கை என்றால் முன்கதை வேண்டுமாம். உங்கள் ஸ்கூலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரம்மா பிள்ளை பெறப் போன பிறகு அந்த இடம் காலியாக இருக்கிறது. அதை அம்மா கேட்டாள். அம்மாவிடம் பதினாறு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது, எனக்கே பதினைந்து வயதுதான், அதாவது எங்கள் வீட்டில் அது எனக்கு அக்கா. உங்கள் தலைமை மாஸ்டரான அப்பா "பாக்கலாம்" என்றார். அப்பாவின் அகராதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியும். உடனே நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள்: "லீவுல எப்படியும் காடு காடா சுத்தப் போறீங்கல்ல? நம்ம ஸ்கூல் வண்டியையே எடுத்துக்கோ. முழுசும் அவ ஓட்டட்டும். நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டு எனக்கு எழுதிக் குடு." அப்படித்தான் எங்கள் உல்லாசப் பயணம் அம்மாவுக்குப் பரீட்சையாகவும், அப்பாவுக்குக் கண்காணிப்பு வேலையாகவும், எனக்கு வேடிக்கையாகவும், தம்பிக்கு வாந்தியாகவும் ஆனது. தம்பியை நாங்கள் பொட்டலம் என்று கூப்பிடுகிறோம். கூடாரத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் அவனைக் கட்டி வைத்தாற்போலத்தான் உட்கார வைக்க முடிந்தது.

முதல் காடு சதுப்புநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், நாணல், ஒற்றைக்கால் பறவைகள். சாலை கோடு போட்டாற்போல நேராக இருந்தது. அம்மா நாற்பதில் போனாள். உங்கள் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறதல்லவா, அப்பாவின் வலது கால் அதன் மேல் குடியேறிவிட்டது. ஒரு கொக்கு சாலையைப் பார்த்தால் பிரேக். கொக்கு பார்க்காவிட்டால், ஏன் பார்க்கவில்லை என்று பிரேக். ஒவ்வொரு தடவையும் நாங்கள் நான்கு பேரும் எல்லாவற்றுக்கும் சம்மதிப்பவர்கள் போலத் தலையாட்டினோம். அம்மா சண்டை போடவில்லை அத்தை, அதுதான் அதிசயம். அப்பா பிரேக்கை மிதித்ததும் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக ஒதுக்கி, கைபிரேக்கை இழுத்து, வண்டியை அணைத்து, பிளாஸ்க்கைத் திறந்து, நிதானமாக அரை டம்ளர் டீ ஊற்றிக் குடிப்பாள். குடித்து முடித்து, டம்ளரை உதறி, மூடி போட்டுவிட்டுத்தான் மறுபடி கிளப்புவாள். நான்காவது டீயில் அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் போற? இருட்டுறதுக்குள்ள கூடாரம் போட வேண்டாமா?"

"நான் எங்க நிறுத்தினேன்? நீங்கதான நிறுத்தினீங்க. மாஸ்டர் நிறுத்தினா ஏதாவது காரணம் இருக்கும்னு நானும் நிறுத்துறேன்."

"நான் தொடவே இல்ல."

"அப்போ வண்டி தானா நிக்குதா? அண்ணிகிட்டச் சொல்லி செக் பண்ணச் சொல்லணும்."

அன்றைக்கு ஏழு டீ. தொண்ணூறு கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரம். எங்களை ஒரு சைக்கிள்காரர் இரண்டு முறை முந்தினார். நடுவில் அவர் சாப்பிடப் போயிருந்தார்.

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். காரின் கூரையில் இருக்கும் எல் போர்டைக் கழற்ற முடியாது என்பதால் அப்பா அதற்கு ஒரு தலையணை உறையை மாட்டி, கயிறு கட்டி மறைத்திருந்தார். முதல் பெட்ரோல் பங்க்கிலேயே அதை அவிழ்த்து என் தலையணைக்கே மாட்டிக்கொண்டது நான்தான். (என் தலையணைக்கு உறை இல்லாததால் செய்தது, உள்நோக்கம் பாதிதான்.) அதனால் ஊரெல்லாம் எங்களுக்கு வழி விட்டது. லாரிகள் பத்தடி தள்ளியே போயின. ஒரு லாரிக்காரர் பக்கத்தில் வந்து, ஜன்னல் வழியாக அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "மாஸ்டர், இந்தம்மா நல்லாத்தான் ஓட்டுறாங்க. இழுத்தடிக்காம பாஸ் போட்டு விடுங்க!" அப்பா காதில் விழாதவர் போலக் கண்ணாடி துடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்தார். இது அவர் அறிக்கையில் இருக்காது. ஆகவே இங்கே பதிவு செய்கிறேன்.

இரண்டாவது காடு சிவப்புப் பாறைகள். வாசலில் வனக்காவலர் எங்கள் கூரையைப் பார்த்தார், முகம் மாறியது. பழகும் வண்டி மலைச்சாலையில் போக வேண்டுமானால் இரண்டு பேருடைய லைசென்ஸையும் காட்ட வேண்டுமாம். அப்பா பையைத் தேடத் தொடங்குவதற்குள் நானே அவருடைய லைசென்ஸை எடுத்து நீட்டினேன், பெற்ற மகளாயிற்றே. காவலர் அதைத் திருப்பிப் பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இது முடிஞ்சு நாப்பது நாள் ஆச்சே."

அத்தை, இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு மாணவரின் லைசென்ஸ் தேதியையும் நோட்டில் எழுதி, போன் போட்டு ஞாபகப்படுத்தும் மனிதர். அவர் தேதி மட்டும் அந்த நோட்டில் இல்லை, ஏனென்றால் அவர் தனக்குத் தானே மாணவர் இல்லை. உங்கள் தலைமை மாஸ்டரைக் காட்டிக் கொடுக்கிறேனே என்று எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான். பெரிய வருத்தம் இல்லை. திரும்பி வந்த அன்றே புதுப்பிக்கக் கொடுத்துவிட்டார். நாளை அவர் நடந்து வருவதன் ரகசியம் இதுதான். தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள்.

காவலர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஓட்டுறவங்க பேப்பர் சரியா இருக்கு, அவங்க போகலாம். இவரு அந்த சீட்ல உக்காரக் கூடாது. அங்கயும் பிரேக் இருக்கு, அதுவும் ஓட்டுற மாதிரிதான். பின்னாடி உக்காந்து ஊரப் பாத்துட்டு வாங்க சார்."

அப்பா பின்னால் போனார், நான் முன்னால் வந்தேன். காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று அம்மா சொன்னதால் சம்மணம் போட்டு மகாராணி மாதிரி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அம்மா வண்டியை ஓட்டினாள், நான் அப்பாவை ஓட்டினேன். பின்சீட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் அவர் கால் தரைவிரிப்பை மிதித்தது. இப்போது அந்த விரிப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, நீங்களே பார்க்கலாம். பத்தாவது வளைவில் அவர் முகம் வெளிறியது. பொட்டலம் ரொம்பப் பக்குவமாகத் தன் பாலிதீன் பைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "கீழ பாக்காதீங்கப்பா, தூரத்துல பாருங்க. எச்சில முழுங்குங்க. ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று தோளைத் தட்டினான். அந்த வாக்கியத்தை அப்பா ஆயிரம் மாணவர்களிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவரிடம் யாரும் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

மூன்றாவது காட்டில்தான் நிஜமான பரீட்சை. பைன் மரங்களுக்கு நடுவே மேலே ஏறும் ஒற்றைச் சாலை, ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. மூடுபனி வேறு. பாதி ஏறியதும் எதிரே ஒரு பெரிய சுற்றுலா பஸ் இறங்கி வந்து நின்றது. பஸ் பின்னால் போக முடியாது, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு பஸ். நாங்கள்தான் ரிவர்ஸில் இறங்க வேண்டும், ஒதுங்கும் இடம் இருநூறு மீட்டர் கீழே. அப்பா பின்சீட்டில் எழுந்தே நின்றுவிட்டார், அதாவது தலை கூரையில் இடித்தது.

"நீ இறங்கு. நான் எடுக்கிறேன்."

"உங்களுக்கு லைசென்ஸ் இல்ல."

"இப்போ அதுவா முக்கியம்? லெஃப்ட்ல ஒடி... இல்ல, கொஞ்சம் ரைட்... இரு, இரு, நான் சொல்ற வரைக்கும்..."

"ஒண்ணு செய்யுங்க" என்றாள் அம்மா, குரலை உயர்த்தாமல். "இறங்கி நடந்து வாங்க. காத்தோட்டமா இருக்கும்."

அவர் இறங்கினார். காருக்குப் பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் வா, போ, நில், கொஞ்சம், அவ்வளவுதான் என்று ஏதேதோ காட்டினார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி, நடுக்கண்ணாடி, மறுபடி இந்தக் கண்ணாடி. எனக்குச் சம்மணம் போட்ட கால் மரத்துப்போனது, நகர்த்தவில்லை. நான் ஜோக் அடிக்காமல் இருந்த இருநூறு மீட்டர் அதுதான், எல்லாவற்றையும் எழுதும்போது இதையும் எழுத வேண்டும். ஒரு கல் உருளவில்லை. ஒரு தடவை கூட முன்னால் எடுத்துச் சரிசெய்யவில்லை. ஒதுங்கும் இடத்தில், மேசைக்குள் இழுப்பறையைத் தள்ளுவது போல, வண்டி போய் உட்கார்ந்தது. பஸ் மெதுவாக எங்களைக் கடந்தது, ஜன்னல்களில் எல்லாம் மூக்குகள். ஓட்டுநர் தலையை நீட்டி, சாலையில் நின்ற அப்பாவிடம் கேட்டார்.

"யாரு சார் இது, இவ்ளோ சுத்தமா ரிவர்ஸ் எடுக்கிறது?"

அப்பா யோசிக்கவே இல்லை, பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது: "என் ஸ்டூடன்ட்."

மூன்று பஸ்ஸும் போய்விட்டன. அப்பா வந்து கதவைத் திறந்தார். அம்மா பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தாள்.

"நான் எப்போங்க உங்ககிட்ட சேந்தேன்? அட்மிஷன் போட்ட ஞாபகமே இல்லையே."

அப்பா அவராகவே டம்ளரை நீட்டினார், முதல் முறையாக அவருக்கும் அரை டம்ளர் கிடைத்தது.

நான்காவது காட்டில் ஒரு பெரிய ஏரி, ஏரிக்கரையில் கூடாரம், மூன்று நாள் தூறல். ரொட்டி நமத்துப்போனது, முட்டை மட்டும் கெடாமல் விசுவாசமாக இருந்தது. அப்பா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாலை வரைபடத்தின் பின்பக்கத்தில் உங்கள் அறிக்கையை எழுதினார், கிழித்தார், எழுதினார். கிழித்ததை எல்லாம் நான் பொறுக்கிச் சேர்த்தேன், காட்டில் குப்பை போடக் கூடாதல்லவா. ஒன்றில் "வேகம்: போதாது" என்று இருந்தது. இன்னொன்றில் "கண்ணாடி பார்ப்பது: என்னைவிட" என்று எழுதி அதோடு நின்றிருந்தது. மூன்றாவதில் "பொறுமை" என்று போட்டு, எதிரே காலியாக விட்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு, உறைக்குள் போன கடைசி அறிக்கையில் இருப்பது ஒரே சொல். உறை ஈரத்தில் ஒட்டவில்லை, அதனால் எனக்குத் தெரியும். அந்தச் சொல் "பரவாயில்லை."

அத்தை, இதை எழுதக் காரணம் அந்த ஒற்றைச் சொல்தான். உங்களைத் தெரியும். பரவாயில்லை என்று வந்த டிரைவரை நீங்கள் வேலைக்கு வைத்ததில்லை, பரவாயில்லை என்று வந்த டயரைக்கூட வாங்கியதில்லை. அப்பா கெட்டவர் இல்லை, பாராட்டுக்கு அவரிடம் கியர் இல்லை, அவ்வளவுதான். அதனால் அவர் விட்ட இடத்தை நான் நிரப்புகிறேன்: வேகம் போதும். கண்ணாடி பார்ப்பது அப்பாவைவிட மேல். பொறுமை, பிளாஸ்க்கின் கொள்ளளவு. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டியவளுக்கு இனி எந்த மாணவி பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது. தயவுசெய்து அந்த இடத்தை அம்மாவுக்கே கொடுங்கள். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது, அதையும் ஒரு தடவைதான் கேட்டாள்.

முழங்காலுக்குத் தைலமும், எனக்கு ஆசியும், பொட்டலத்துக்கு மாத்திரையும் கிடைக்கட்டும் என்ற வேண்டுதலோடு முடிக்கிறேன்.

தங்கள் கீழ்ப்படியாத, ஆனால் அன்பான,
தம்பி மகள்

பி.கு.: உறைக்குக் கோந்து தடவும்போது அம்மா வந்துவிட்டாள். வாங்கி, நின்றபடியே கடைசி வரை படித்தாள். "முத நாள் டீ ஏழு இல்ல, எட்டு" என்றாள். வேறு திருத்தம் இல்லை. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா எழுதியிருக்க, அனுப்பு. கீழ ரெண்டு வரி மட்டும் சேத்துக்கோ" என்றாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"அண்ணி ஆபீஸ் ஜன்னலுக்கு நேர் எதிர்ல மஞ்சள் ஷட்டர் போட்டு ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்திருக்குல்ல, நாம கிளம்புறதுக்கு முந்தின வாரமே அங்க போய் ஓட்டிக் காட்டிட்டேன். ரெண்டு ரவுண்டுதான். எடுத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை சேரணும்."

எனக்கு வாய் அடைத்துப்போனது, இது உங்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். "அப்போ பதினோரு நாள் பரீட்சை எழுதினது எதுக்கு?" என்று கேட்டேன்.

"பரீட்சையா? எனக்கு மலை பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. நானே ஓட்டிக்கிட்டுப் போய்ப் பாக்கணும். வேற எப்படி உங்கப்பா சாவியக் குடுப்பாரு?"

ஆகவே அத்தை, மேலே உள்ள சிபாரிசு முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் இடம் இன்னும் காலி, அம்மா காலி இல்லை. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எதிரே முதல் வகுப்பு. அந்த நேரம் அப்பாவும் உங்கள் ஜன்னலோரம்தான் நிற்பார், பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்து வையுங்கள். உங்கள் இருவருக்கும் கையசைப்பதாக அம்மா சொல்லச் சொன்னாள். வண்டி ஓடும்போது கையை எடுக்கக் கூடாதாம், அதனால் கிளம்புவதற்கு முன்பே அசைத்துவிடுவாளாம்.