மண்ணுக்குள் ஒளிந்திருந்த மீன்

எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆந்திராவில், நகரியில் பிறந்தவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பள்ளிப்பட்டில் விடுதியில் தங்கித் தமிழிலேயே படித்து முடித்ததன் பலன். பஸ்ஸில் நம்பரைப் பார்த்து ஏறியே முப்பத்திரண்டு வயது வரை ஓட்டிவிட்டேன். (சினிமா போஸ்டருக்கு ஹீரோ முகம் போதும்.)

அந்த வயதில் மூன்றாவது முறையாக ஒரு வரன் வந்தது. புத்தூர்ப் பெண், தெலுங்கு டீச்சர். முந்தைய இரண்டு இடங்களிலும் பையன் வாயையே திறக்கவில்லை என்று கழித்துவிட்டார்கள். அதனால் என் அக்கா ஒரு வாரமாக ஒரே பாடம் நடத்தினாள்: "இந்த வாட்டி எதுனா பேசிக்கினே இரு."

திருப்பதியில் ஒரு மைதானத்தில் மீன் கண்காட்சி போட்டிருந்தார்கள். அங்கே சந்திக்கலாம் என்றார் பெண்ணின் அப்பா. கோயிலில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வராதாம். அவரும் பெண்ணும் வந்தார்கள், நானும் அக்காவும் போனோம்.

உள்ளே நீல விளக்கு, தலைக்கு மேல் வளைந்த கண்ணாடிச் சுரங்கம். வாசல் பேனரில் படகை விழுங்கிக்கொண்டிருந்த சுறா, உள்ளே என் முழங்கை நீளம்தான் இருந்தது. ஓர் ஆமை கண்ணாடியில் மூக்கை வைத்து என்னையே பார்த்தது. அந்தச் சலிப்பை முந்தைய இரண்டு பெண்களின் முகத்திலும் பார்த்திருக்கிறேன்.

அக்கா சொன்னபடி பேசினேன். சுறாவுக்குத் தூக்கமே கிடையாது என்றேன். ஆமைக்கு நூறு வயது என்றேன். கேட்க ஆள் இருந்ததில் தைரியம் ஏறிக்கொண்டே போனது.

கடைசித் தொட்டியில் மண்ணும் இரண்டு கல்லும் மட்டும் கிடந்தன. மேலே ஒரு போர்டில் தெலுங்கில் இரண்டு வரி. மீனின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"இதுல என்ன இருக்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை.

"மண்ணுக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்குற மீன். உத்துப் பாத்தாதான் தெரியும்."

அவள் போர்டை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்புறம்?" என்றாள். அதுவரை எந்தப் பெண்ணும் என்னிடம் அப்புறம் என்று கேட்டதில்லை. அதற்கு விஷம் உண்டு, நினைத்தால் நிறம் மாறும், செம்படவர்களே அதற்குப் பயப்படுவார்கள் என்று அளந்துகொண்டே போனேன். அவளுடைய அப்பா, பாவம், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கல்லுக்குப் பக்கத்தில் ஏதோ அசைகிறது என்றார். அதுதான் வால் என்றேன். பின்னால் வந்த குடும்பத்தின் குழந்தையை வாங்கித் தூக்கி, அதற்கும் வாலைக் காட்டினார்.

அப்போதுதான் வேலையாள் பக்கெட்டோடு வந்தார்.

"அந்துலோ சேப்பே லேது சார்."

அதில் மீனே இல்லை. இருந்தது செத்துப்போய்விட்டது, தண்ணீர் மாற்றப் போகிறோம், போர்டிலேயே எழுதியிருக்கிறதே என்றார். பெண்ணின் அப்பா குழந்தையை இறக்கிவிட்டார். நான் அந்தத் தொட்டிக்குள் இறங்கி மண்ணைப் போர்த்திக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. திரும்பும்போது எல்லாருக்கும் ஒரே ரயில், எதிரெதிர் சீட். புத்தூர் வருவதற்குள் எனக்கு அந்த ஆமையின் வயதாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவளிடம் போர்டைப் படித்தாளா என்று கேட்டேன்.

"மொதல்லயே படிச்சிட்டேன். எங்க நிறுத்துவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவளுடைய அப்பா கோபப்படவில்லை. புத்தூரில் இறங்கும்போது என் தோளில் கை வைத்தார். "படிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா நானே படிச்சிக் காட்டியிருப்பேன், தம்பி" என்றார். வேண்டாம் என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கும் அக்காவுக்கும் புரிந்தது. நகரி வரை அக்கா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வருடம் கழித்துச் சத்தியவேட்டில் பெண் எடுத்தோம். நிச்சயத்துக்கு முன்பே அக்கா இந்தக் கதையை ஒன்று விடாமல் அவளிடம் சொல்லிவிட்டாள். (வேறு யாராவது சொல்லிவிடுவார்களாம்.) இன்றைக்கும் சாம்பாரில் காய் இல்லாத நாளில், ஊற்றிவிட்டு என் மனைவி சொல்கிறாள்: "அடியில ஒளிஞ்சிக்கினு இருக்குது, உத்துப் பாருங்க."

நானும் கரண்டியை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன்.