ஸ்தனிஸ்லாஸ் சாரின் மூன்று நாற்காலிகள்

"அந்த சீட்டுல சார் இல்ல. இந்த சீட்டுல இருக்காரு. ரெண்டும் ஒரே சார்தான்."

செம்பட்டி மூக்கையா யாரிடமோ சொன்னது தாலுகா அலுவலக வரிசையில் நின்ற ரஃபியாவின் காதில் விழுந்தது. அவளுக்கு எம்.ஏ. அரசியல் அறிவியலில் இடம் கிடைத்திருந்தது. இருப்பிடச் சான்றிதழை மாலை ஐந்துக்குள் கல்லூரியில் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அலுவலகத்தில் நாற்காலிகள் மூன்று: சரிபார்ப்பு, வழங்கல், மேல்முறையீடு. மூன்றுக்கும் தனித்தனி வரிசை. முதல் நாற்காலி ஸ்தனிஸ்லாஸ் சாருடையது. மற்ற இரண்டும் அவருக்கே கூடுதல் பொறுப்பு.

முதல் நாற்காலியில் அவர் மனுவைச் சரிபார்த்து, 'தங்கள் மேலான உத்தரவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது' என்று எழுதினார். எழுந்து போய் இரண்டாவதில் உட்கார்ந்து அதைப் படித்தார். முகம் சுளித்தார்.

"கையெழுத்துக்குக் கீழ தேதி இல்லியே. யாரு அனுப்புனது?"

"நீங்கதான் சார்," என்றாள் ரஃபியா மெதுவாக. "அங்க போயி தேதி போட்டுட்டு வந்துருங்களேன்."

"ஒரு சீட்டு அதிகாரத்துல இன்னொரு சீட்டு தலையிடலாமா? அரசியல் படிச்ச புள்ள நீ."

அதிகாரம் ஒரே இடத்தில் குவியக் கூடாது என்று நான்கு பக்கம் எழுதி, கல்லூரியிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் அவள். மேல்முறையீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாற்காலியில் ஸ்தனிஸ்லாஸ் சார் கன்னத்தில் கை வைத்து முழுவதையும் கேட்டார்.

"தேதி கூடப் போடலியா அந்த ஆளு?"

"அவரு எப்பவுமே இப்படித்தேன் சார்," என்றார் மூக்கையா. "நீங்கதேன் ஞாயம் கேக்கணும்."

மூன்று வரிசையும் ஆமோதித்தது. சரிபார்ப்பு நாற்காலி மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று மெமோ எழுதப்பட்டது.

முதல் நாற்காலிக்குத் திரும்பி மெமோவை வாங்கிப் படித்ததும் சாருக்கு முகம் வாடிவிட்டது.

"இருபத்திரண்டு வருச சர்வீஸ். ஒரு வார்த்த கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்."

மருத்துவ விடுப்பு எழுதினார். இரண்டாம் நாற்காலி பரிந்துரைத்தது, மூன்றாவது அனுமதித்தது. டிபன் பையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப எங்க மனுவெல்லாம் யாரு சார் பாப்பாங்க?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மத்த ரெண்டு சீட்டும் இருக்குல்ல. அவங்க பாத்துக்குவாங்க," என்று படியிறங்கிப் போனார்.

மணி நாலரை. ஒருவரும் கலையவில்லை. இடம் பறிபோய்விடாமல் மூக்கையா துண்டை இரண்டாம் வரிசையில் போட்டுவிட்டு மூன்றாவதில் போய் நின்றார்.

ரஃபியா இடது செருப்பைக் கழற்றி இரண்டாம் வரிசையில் வைத்தாள். வலது செருப்பை மூன்றாவதில் வைத்தாள். வெறுங்காலோடு திரும்பி வந்து முதல் வரிசையில் நின்றாள்.