செம்புக்குள் விழுந்த ஓட்டு

இராஜபாளையம்,
3-12-89

மடவார் வளாகத்திலிருக்கும் மைத்துனர் சௌந்தரபாண்டியனுக்கு அத்தான் வைகுண்டராஜ் எழுதிக்கொண்டது. அங்கே நீரும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வைத்தியநாத சுவாமி துணை. இங்கே என் ஒருவனைத் தவிர எல்லோரும் சௌக்கியம்.

பதினெட்டு வயதானாலே ஓட்டு என்று சட்டம் வந்தாலும் வந்தது, “மருமவளும் போடட்டும் அத்தான்” என்று என் மகள் அழகுத்தாய் பெயரைச் சேர்த்துவிட்டவர் நீர். அவளுக்கு முத்துவீரன் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் நீர். இந்த இரண்டு காரியத்தையும் ஒரே ஆள் செய்யலாமாய்யா? நான் சொல்லும் சின்னத்தில் குத்துவதுதான் இந்த வீட்டு வழக்கம். உம் அக்காள் செல்லக்கனி இருபது வருஷமாக அப்படித்தான் குத்துகிறாள். இவளோ மை வைத்த விரலை ஊதிக்கொண்டே வெளியே வந்தாள். “எதுலத்தா குத்துனே?” என்றேன். “அதச் சொல்லக்கூடாதுப்பா, ரகசியம்” என்கிறாள். வாசலில் நின்ற போலீஸ்காரன் சிரிக்கான்!

மறுநாள், நிச்சயத்துக்கு நாள் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். மை விரலை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். “டெல்லிய யாரு ஆளணும்னு என்னையக் கேட்டாக. எனக்குப் புருசன் யாருன்னு நீங்க கேக்க மாட்டியளா? வீட்டுலயும் ஓட்டு வைங்க.” என் அக்காள் பிச்சையம்மாளுக்கு ஒரே குஷி. “வையேன்லே தம்பி, என்ன கொறஞ்சு போச்சு?” என்கிறாள். எனக்கும் வீம்பு வந்துவிட்டது. செம்பின் வாயில் ஓட்டை போட்ட துணியைக் கட்டி உள்ளறையில் வைத்தேன். சம்பந்தம் வேணுமென்றால் புளியங்கொட்டை, வேண்டாமென்றால் வேப்பங்கொட்டை. நாங்கள் நாலு பேரும் ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வந்தோம்.

சம்பந்தம் தோத்துப்போச்சு ஐயா! பெத்தவன் பேச்சுக்கு இந்த வீட்டில் அம்புட்டுத்தான் மதிப்பு! எதைப் போட்டாய் என்று உம் அக்காளைக் கேட்டால் அவளும் ரகசியம் என்கிறாள். முத்துவீரன் அப்பா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? வாக்குக் கொடுத்தவன் நான். நீரே போய், “பொம்பளைக கூட்டுச் சேர்ந்து அத்தானைக் கவுத்துட்டாக” என்று சொல்லிவிடும். இனி சட்டம் பேசும் வாயோடு என் வாசப்படி மிதிக்க வேண்டாம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உமக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ஆறாத கோபத்துடன்,
வைகுண்டராஜ்

பின்குறிப்பு: இது உமக்கு மட்டும். பெண் பார்க்க வந்த அன்று என் பிள்ளை நீட்டிய காப்பியை, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் “ஆறிப்போச்சு” என்று தள்ளிவிட்டான் அந்தப் பயல். எண்ணுவதற்கு நான் மட்டும் உள்ளே போய்ச் செம்பைக் கவிழ்த்தபோது விழுந்த நாலும் வேப்பங்கொட்டைதான். முதலில் போய்ப் போட்டவன் நான்.